எண்ணிக்கையும் எடையும்: அமெரிக்கத் தேர்தல்களில் நாட்டுப்புற வெள்ளையர்

முன்னுரை

நிலத்திற்கும் அந்நிலத்து வாழ்வாரின் ஒழுகலாற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது தமிழ் கற்றார்க்குப் புதிய செய்தி அன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு இலக்கணம் வகுத்த தொல்காப்பியரின் நெறியில் பயின்றவர் நாம். ஆயினும், இந்நிலத்தார் இன்ன தொழிலர், இன்ன ஒழுக்கத்தர் என வகுத்தல் வேறு. அவர் என்றும் ஒரே வகையில்தான் நடப்பர் என முடிவு கட்டுதல் வேறு. பின்னது வரலாற்றை நோக்காத பிழை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேர்தல்களைப் பற்றி எழுதுவோருள் பலர் இப்பிழைக்கு ஆளாகின்றனர். நாட்டுப்புறத்து வெள்ளையர் இயல்பிலேயே பழமை விரும்பிகள் என்றும், ஆதலின் அவர் வாக்கு குடியரசுக் கட்சிக்கே உரியது என்றும் அவர் கூறுவர்.

இக்கூற்றுக்கு ஒரு மாநிலமே விடையாக நிற்கிறது. வெர்மான்ட் மாநிலம் அந்நாட்டில் நாட்டுப்புற மக்களின் விழுக்காடு மிக மிகுந்தது. வெள்ளையர் மிகப் பெரும்பான்மையினராக வாழ்வது. 1856 முதல் 1960 வரை நிகழ்ந்த குடியரசுத் தலைவர் தேர்தல் ஒவ்வொன்றிலும் அது குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தது. 1992 முதல் 2024 வரை நிகழ்ந்த ஒவ்வொன்றிலும் அதற்கு எதிரான சனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. அஃது அன்றும் நாட்டுப்புறமே, இன்றும் நாட்டுப்புறமே. வாக்கு மட்டும் மாறியது.

ஆகவே இரண்டு வினாக்களை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். எண்ணிக்கையில் சுருங்கிவரும் ஒரு கூட்டத்தார் தேர்தலின் முடிவை மாற்றும் வன்மையை எங்ஙனம் பெற்றனர் என்பது ஒன்று. அவர் வாக்கை விழைந்தோர் எவ்வழிகளில் அவரை அணுகினர், அவற்றுள் எவை பயன் தந்தன என்பது மற்றொன்று. இவை அரசியல் நூலார் ஆராய வேண்டியவை அல்லவோ எனின், ஆம். ஆயினும் சொல்லுவோன், சொல், கேட்போன் என்னும் மூன்றன் உறவை ஆராய்வது இலக்கியம் பயில்வோர் தொழிலுமாகும். வாக்குக் கேட்கும் பேச்சு அவ்வுறவின் ஒரு வகையே என்பதால் யாமும் இதனுள் புகுந்தோம்.

எண்ணிக்கை குறைந்தும் எடை குறையாமை

1790 ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதல் மக்கட்கணக்கு எடுக்கப்பட்டபோது நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தனர். 1920 ஆம் ஆண்டுக் கணக்கில்தான் நகரத்தார் தொகை முதன்முறையாகப் பாதியைக் கடந்தது. 2020 ஆம் ஆண்டில் நாட்டுப்புறத்தார் நூற்றுக்கு 20 பேர் அளவினராகக் குறைந்தனர். அவருள்ளும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வெள்ளையர் அல்லாதார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அலபாமா மாநிலத்தின் பருத்தி நிலத்துக் கறுப்பினத்தாரும், தமக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் தொல்குடிகளும், தென்டெக்சாசின் ஸ்பானிய மொழி வழியினரும் நாட்டுப்புறத்தாரே. நாட்டுப்புறம் என்றவுடன் வெள்ளையரை மட்டும் எண்ணுதல் ஒரு குறை. நாட்டுப்புறத்தார் அனைவரும் உழவர் என எண்ணுதல் மற்றொரு குறை. இன்று அவருள் உழவுத் தொழிலால் வாழ்வோர் மிகச் சிறுபான்மையினர். ஆலை, சுரங்கம், மருத்துவமனை, பள்ளி முதலியவற்றில் வேலை செய்வோரே மிகப் பலர்.

இச்சிறு தொகையினர்க்குப் பெரும் எடை தருவது முதலாவதாக அரசியலமைப்பு. 1787 ஆம் ஆண்டில் அதனை வகுத்தோர், மாநிலம் பெரிதாயினும் சிறிதாயினும் செனட் சபையில் இரண்டு இடங்கள் என வரையறுத்தனர். 2020 ஆம் ஆண்டுக் கணக்கின்படி வயோமிங் மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 5,77,000. கலிபோர்னியாவின் தொகை ஏறத்தாழ 3,95,00,000. பின்னது முன்னதைப்போல் 68 மடங்கு. ஆயினும் செனட் சபையில் இரண்டும் சமமே. குடியரசுத் தலைவரைத் தேரும் தேர்வாளர் 538 பேரும் இக்கணக்கை ஒட்டியே மாநிலங்களுக்குப் பகிரப்படுகின்றனர். 2024 ஆம் ஆண்டுத் தேர்தலில் வயோமிங்குக்கு 3 தேர்வாளர், கலிபோர்னியாவுக்கு 54. அஃதாவது வயோமிங்கில் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு ஒரு தேர்வாளர்; கலிபோர்னியாவில் 7,32,000 பேருக்கு ஒருவர். மாநிலச் சட்டமன்றங்களில் நிலவிய இத்தகைய ஏற்றத்தாழ்வினை 1964 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. சட்டமன்றத்தார் மக்களுக்குச் சார்பானவரேயன்றி மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் சார்பானவர் அல்லர் என்னும் கருத்துப்படத் தலைமை நீதிபதி வாரன் அன்று எழுதினார். செனட் சபை அரசியலமைப்பிலேயே வேரூன்றியிருத்தலின் அத்தீர்ப்பு அதனைத் தொடவில்லை.

இரண்டாவது காரணம் இதனினும் நுட்பமானது. மெயின், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு நீங்கலாக, எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவர்க்கே அம்மாநிலத்துத் தேர்வாளர் அனைவரும் உரியர். ஆகவே நகரமும் நாட்டுப்புறமும் ஏறக்குறைய ஒத்த வலிமையோடு எதிர்நிற்கும் மாநிலங்களில், நாட்டுப்புறத்து வாக்கு சிறிது சாய்ந்தாலும் மாநிலம் முழுதும் சாய்ந்துவிடும். 2016 ஆம் ஆண்டில் டிரம்ப் நாடு முழுதும் பெற்ற வாக்கு, எதிர்நின்ற ஹிலாரி கிளின்டன் பெற்றதனின் 28 இலட்சத்துக்கு மேல் குறைவு. எனினும் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் என்னும் மூன்று மாநிலங்களில் மொத்தம் 78,000 வாக்குக்கும் குறைவான மிகுதியால் அவர் வென்றார். விஸ்கான்சினில் அவர்தம் மிகுதி 22,748. 2020 ஆம் ஆண்டில் அதே மாநிலத்தைப் பைடன் 20,682 வாக்கு மிகுதியால் கொண்டார். 2024 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 29,000 வாக்கு மிகுதியால் அது மீண்டும் டிரம்ப் பக்கம் சாய்ந்தது. நூற்றுக்கு 30 வாக்குப் பெறும் ஊரில் 35 பெற்றால் போதும். அவ்வூரில் தோற்றும் மாநிலத்தை வெல்லலாம். வேட்பாளர் சிற்றூர்களை நாடிச் செல்வதன் காரணம் இதுவே.

எடை எங்கிருந்து வந்தது என்பது இவ்வாறு தெளிவாகின்றது. சாய்வு எங்கிருந்து வந்தது என்பதை அறிய வரலாற்றுக்குள் செல்லுதல் வேண்டும்.

மரக்குடிலின் வெற்றி

நாட்டுப்புற வாக்கைப் பெறும் கலை ஒரு பேரியக்கமாகத் தோன்றியது 1840 ஆம் ஆண்டுத் தேர்தலில் எனலாம். அதற்கு முன்னரே பெரும்பாலான மாநிலங்களில் சொத்துரிமை இல்லாத வெள்ளை ஆடவர்க்கும் வாக்குரிமை வந்திருந்தது. விக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் முதியவர். அவருக்கு ஓய்வூதியமும் புளித்த ஆப்பிள் மதுவும் கொடுத்தால் மரக்குடிலில் அமைதியாக உட்கார்ந்துவிடுவார் என எதிர்க்கட்சிச் செய்தித்தாள் ஒன்று எள்ளி எழுதியது. விக் கட்சியார் அவ்வெள்ளலையே தம் கொடியாக உயர்த்தினர். ஊர்தோறும் மரக்குடில் கட்டி, ஊர்வலம் விட்டு, மதுவும் வழங்கினர். குடிலில் வாழ்தல் இழிவாயின் குடிலில் வாழும் நாமெல்லாம் இழிந்தவரோ என்னும் வினா ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழுந்தது. ஹாரிசன் வென்றார்.

உண்மையில் ஹாரிசன் வர்ஜீனியாவின் செல்வப் பெருங்குடியில் தோன்றியவர். அவர் தந்தையார் விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டோருள் ஒருவர். அவரால் தோற்கடிக்கப்பட்ட வான் பியூரனோ சிற்றூர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். பிறப்பால் எளியவர் செல்வச் செருக்கராகவும், செல்வர் எளியவராகவும் தோன்றியது அத்தேர்தலின் விந்தை. இகழப்பட்டோன் இகழ்ச்சியை எளிதில் மறவான். அதனைத் தனக்காக ஏற்றுக்கொண்டவர் யாவராயினும் அவரைத் தன்னவராகவே கொள்வான். இவ்வுண்மை பின்னரும் பலமுறை வெளிப்படுவதைக் காண்போம்.

உழவர் எழுச்சியும் பிரையனும்

உள்நாட்டுப் போருக்குப் பின்னர் உழவரின் நிலை தளர்ந்தது. 1870களின் தொடக்கத்தில் புசல் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 டாலர் விற்ற கோதுமை 1890களின் நடுவில் பாதி விலைக்கு வீழ்ந்தது. பொன்னை அடிப்படையாகக் கொண்ட நாணய முறையால் பணம் அருகியது. வாங்கிய கடனோ அருகவில்லை. மேற்கில் இருப்புப்பாதைக் குழுமங்கள் விதித்த கட்டணம் உழவரை வாட்டியது. தெற்கில் விளையாத பருத்தியை முன்கூட்டியே ஈடு வைத்துக் கடைக்காரரிடம் உண்பொருள் வாங்கும் வழக்கம் அவரை மீளாக் கடனில் ஆழ்த்தியது. இந்நிலையில் உழவர் கூட்டணி என்னும் இயக்கம் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. ஊர்தோறும் விரிவுரையாளரை அனுப்பி நாணயம், வட்டி, சந்தை ஆகியவற்றை விளக்கியது. அதிலிருந்து கிளைத்த மக்கள் கட்சி 1892 ஆம் ஆண்டில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளையும் 22 தேர்வாளரையும் பெற்றது. வருமான வரி, செனட் உறுப்பினரை மக்களே நேரில் தேர்தல் ஆகிய அதன் கோரிக்கைகள் 1913 ஆம் ஆண்டில் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றன.

1896 ஆம் ஆண்டில் சனநாயகக் கட்சி இக்கோரிக்கைகளுட் சிலவற்றைத் தனதாக்கிக்கொண்டு, 36 வயதினரான பிரையனை வேட்பாளராக நிறுத்தியது. சிகாகோ மாநாட்டில் அவர் ஆற்றிய உரை அமெரிக்கச் சொற்பொழிவு வரலாற்றில் தனியிடம் பெற்றது. உழுதொழில் இன்றி நகரம் இல்லை என்பது அதன் கருப்பொருள். பின்னர் அவர் ஏறத்தாழ 18,000 மைல் தொடர்வண்டியில் சுற்றி ஊர்தோறும் பேசினார். அவரை எதிர்த்த மக்கின்லி தம் வீட்டுத் திண்ணையை விட்டு அகலவில்லை. மக்களே வண்டி வண்டியாக அவரிடம் அழைத்து வரப்பட்டனர். அச்சிட்ட சிறுநூல்கள் நாடெங்கும் பரப்பப்பட்டன. தேர்வாளர் வாக்கில் மக்கின்லி 271, பிரையன் 176.

இத்தோல்வி ஆராயத்தக்கது. தெற்கும் மேற்குச் சமவெளியும் பிரையனுக்கு வாக்களித்தன. ஆனால் அயோவா, இல்லினாய், ஒஹாயோ மாநிலத்து உழவருள் பலர் வாக்களிக்கவில்லை. அவர் சோளமும் பன்றியும் பாற்பொருளுமாகப் பல்வகைத் தொழில் செய்தவர், சந்தைக்கு அணியர், கடன் குறைந்தவர். கோதுமை ஒன்றையே நம்பிய மேற்கத்தியாரின் துன்பம் அவர்க்கு இல்லை. மேலும், இந்தியா முதலிய நாடுகளில் அவ்வாண்டு விளைச்சல் பொய்த்தமையால் தேர்தலுக்குச் சற்று முன்னர்க் கோதுமை விலையும் ஏறியது. சொல்வன்மையில் சிறந்தோர் ஒருவர் நேரில் வந்து பேசியும், கேட்போர் நிலைமையோடு பொருந்தாத சொல் பயன் தரவில்லை என்பதே இதனால் அறியப்படும்.

இவ்வெழுச்சியைப் பற்றி அமெரிக்க வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1955 ஆம் ஆண்டில் எழுதிய ஹாஃப்ஸ்டாட்டர், உழவர் தம் மதிப்புக் குறைகிறதே என்னும் ஏக்கத்தால் பழம் பொற்காலத்தைக் கனவு கண்டனர் என்றார். 1976 ஆம் ஆண்டில் எழுதிய குட்வின், கூட்டுறவின் வழியாகத் தம்மைத் தாமே பயிற்றிக்கொண்ட குடியாட்சி இயக்கம் அது என்றார். இருவர் கூற்றும் தனித்தனியே முழுமையுடையன அல்ல என்பது எம் கருத்து. ஜார்ஜியா மாநிலத்துத் தாம் வாட்சனின் வாழ்வே இதற்குச் சான்று. 1890களின் தொடக்கத்தில் அவர் வறிய வெள்ளை உழவரும் வறிய கறுப்பின உழவரும் ஒரே பகைவரால் சுரண்டப்படுகின்றனர் என எடுத்துக் கூறி, இருவரையும் ஒருங்கு சேர்க்க முயன்றார். தோல்விகளுக்குப் பின்னர் அவரே கறுப்பினத்தார், யூதர், கத்தோலிக்கர் ஆகியோர்மேல் வெறுப்பை ஊட்டுபவராக மாறினார். 1920 ஆம் ஆண்டில் செனட் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவும் பெற்றார். பேசியவர் ஒருவரே, கேட்டவரும் அதே நாட்டுப்புறத்தார். கடனைச் சுட்டிய சொல்லுக்கும் பகையைச் சுட்டிய சொல்லுக்கும் அவரிடையே செவி இருந்தது.

மின்விளக்கும் தொடர்வண்டியும்

1930களின் நடுவில் அந்நாட்டுப் பண்ணைகளுள் பத்தில் ஒன்றுக்கே மின்வசதி இருந்தது. ஊருக்கு ஊர் தொலைவு மிகுதியாதலின் கம்பி இழுத்தால் ஊதியம் வாராது எனத் தனியார் குழுமங்கள் ஒதுங்கின. 1935 ஆம் ஆண்டில் ரூஸ்வெல்ட் நாட்டுப்புற மின்வசதி வாரியத்தை நிறுவினார். உழவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் அளிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் பெரும்பாலான பண்ணைகள் ஒளி பெற்றன. கிணற்று நீரைச் சுமந்து முதுகு வளைந்த மகளிர்க்கு மின்பொறி நீர் இறைத்தது. டெக்சாசின் குன்றுப் பகுதிக்கு இவ்வொளியைக் கொணர்ந்ததில் பெரும்பங்கு கொண்ட இளம் உறுப்பினர் பெயர் லிண்டன் ஜான்சன். வானொலியின் வாயிலாக ரூஸ்வெல்ட் பேசிய பேச்சுகள், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உறவினர் பேசுவதுபோல் எளிமையாக இருந்தன. ஆயினும் சொல்லுக்கு உறுதி சேர்த்தது மின்கம்பியே.

இதில் ஒரு குறையும் மறைக்கத்தக்கதன்று. பயிர்ப்பரப்பைக் குறைப்பதற்காக அரசு அளித்த பணம் நிலவுடைமையாளரையே சேர்ந்தது. வாரத்திற்கு உழுத வெள்ளையரும் கறுப்பினத்தாரும் பலர் நிலத்தினின்று நீக்கப்பட்டனர். 1935 ஆம் ஆண்டுச் சமூகக் காப்புறுதிச் சட்டமும் உழவுக் கூலிகளைப் புறத்தே நிறுத்தியது.

1948 ஆம் ஆண்டுத் தேர்தலில் ட்ரூமன் தோற்பார் என்றே யாவரும் எண்ணினர். அவர் தொடர்வண்டியில் ஏறத்தாழ 30,000 மைல் சுற்றிச் சிறு நிலையந்தோறும் வண்டியின் பின்மேடையில் நின்று பேசினார். அவர் பேச்சின் பொருள் நுட்பமான ஒன்று. குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட காங்கிரசு, தானியக் களஞ்சியங்களை அரசு புதிதாகப் பெறுவதற்குத் தடை விதித்திருந்தது. அவ்வாண்டு சோளம் மிக விளைந்தது, விலை வீழ்ந்தது, களஞ்சியம் இன்றி அரசின் ஆதரவு விலையைப் பெறவும் இயலவில்லை. செப்டம்பர் 18 ஆம் நாள் அயோவாவின் டெக்ஸ்டர் என்னும் சிற்றூரில் உழவுப் போட்டி காணத் திரண்ட பல்லாயிரவரிடம் இதனையே அவர் எடுத்துரைத்தார். எதிர்த்து நின்ற டூயியோ, கூட்டம் ஒன்றில் வண்டி சிறிது பின்னோக்கி நகர்ந்தபோது அதனை ஓட்டியவரைப் பித்தர் என ஏசினார். தொழிலாளர் அதனை மறக்கவில்லை.

முடிவு வியப்பளித்தது. கிழக்கில் நியூயார்க், பென்சில்வேனியா போன்ற பெருமாநிலங்களை ட்ரூமன் இழந்தார். ஆனால் 1944 ஆம் ஆண்டில் டூயிக்கு வாக்களித்திருந்த ஒஹாயோ, விஸ்கான்சின், அயோவா மூன்றும் அவரிடம் வந்தன. அவற்றின் தேர்வாளர் முறையே 25, 12, 10, ஆக 47. அவர் பெற்ற 303-இல் இதனைக் கழித்தால் எஞ்சுவது 256. அன்று வேண்டப்பட்ட பெரும்பான்மை 266. உழவர் வாக்கு அத்தேர்தலை மாற்றிற்று என்பதற்கு இக்கணக்கே போதிய சான்று.

நிறமும் வாக்கும்

நாட்டுப்புற வெள்ளையர் என்னும் தொடரில் வெள்ளையர் என்னும் சொல்லை விலக்கி வரலாறு எழுத இயலாது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தெற்கு வெள்ளையர் சனநாயகக் கட்சியை விடாது பற்றி நின்றனர். 1890 முதல் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு முதலிய சூழ்ச்சிகளால் கறுப்பினத்தாரின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. அவ்வொழுங்கைக் காத்த கட்சி என்பதே சனநாயகக் கட்சிக்கு அங்கு வலிமையாயிற்று. 1948 ஆம் ஆண்டில் ட்ரூமன் குடியுரிமைத் திட்டத்தை ஆதரித்ததால் சினந்த தெற்கத்தியார் தனியே நின்று நான்கு மாநிலங்களைக் கைக்கொண்டனர். டெக்சாசின் குன்றுப் பகுதிக்கு ஒளி கொணர்ந்த அதே ஜான்சன், குடியரசுத் தலைவராக 1964 ஆம் ஆண்டில் குடியுரிமைச் சட்டத்திலும் 1965 ஆம் ஆண்டில் வாக்குரிமைச் சட்டத்திலும் கையொப்பமிட்டார். 1964 ஆம் ஆண்டிலேயே தென்கோடி மாநிலங்கள் ஐந்து குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர்க்குச் சென்றன. 1968 ஆம் ஆண்டில் நிறப்பிரிவினையை முழங்கிய வாலசுக்கு ஐந்து மாநிலங்கள் வாக்களித்தன.

எனினும் மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 1976 ஆம் ஆண்டில் ஜார்ஜியாவின் பிளெயின்ஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த நிலக்கடலை உழவரான கார்ட்டர், கறுப்பினத்தார் வாக்கோடு நாட்டுப்புற வெள்ளையருள் ஒரு பகுதியினர் வாக்கையும் பெற்று, வர்ஜீனியா நீங்கலான தெற்கு முழுவதையும் வென்றார். 1980களில் வட்டி ஏறிப் பண்ணைகள் ஏலத்திற்கு வந்தபோது, 1988 ஆம் ஆண்டில் நாடு முழுதும் தோற்ற டுகாகிஸ் அயோவாவில் வென்றார். 1992, 1996 ஆகிய இரு தேர்தல்களிலும் பில் கிளின்டன் ஆர்க்கன்சா, டென்னசி, கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா முதலிய மாநிலங்களை வென்றார். நிறவேற்றுமை உணர்ச்சி வன்மையுடையது. ஆயினும் எல்லாக் காலத்தும் அது ஒன்றே வாக்கை முடிவு செய்யவில்லை என்பது இவற்றால் விளங்கும்.

மக்டவல்: ஒரு கவுண்டியின் வரலாறு

மேற்கூறியவை யாவும் ஓரிடத்திற் குவிந்திருப்பதைக் காண விழைவோர் மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியிலுள்ள மக்டவல் கவுண்டியை நோக்குக. கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. மக்டவல் நிலக்கரியால் வளர்ந்த நிலம். 1950 ஆம் ஆண்டில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 99,000; 2020 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19,000. பொறிகள் வந்து ஆட்களை வெளியேற்றின. நாடு முழுதும் 1920களில் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தனர். 2020களில் அத்தொகை 50,000-க்கும் குறைந்தது.

1960 ஆம் ஆண்டில் கட்சி முன்தேர்தலுக்காகக் கென்னடி மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்தார். அவர் கத்தோலிக்கர்; பெருஞ்செல்வர். அம்மாநிலத்தாரோ பெரும்பாலும் புரொட்டஸ்டன்டு சமயத்தார், வறியர். கென்னடி சுரங்கத் தொழிலாளரிடையே சென்று அவர் குறைகளைக் கேட்டார். ரூஸ்வெல்ட்டின் மகனார் உடன் வந்து அவர்க்காக வாக்குக் கேட்டார். கென்னடி வென்றார். ஆட்சிக்கு வந்ததும் 1961 ஆம் ஆண்டில் உணவுச் சீட்டுத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியபோது, முதற் சீட்டுகள் மக்டவலிலேயே வழங்கப்பட்டன. சமய வேறுபாடும் செல்வ வேறுபாடும் அன்று தடையாகவில்லை.

2000 ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியா ஜார்ஜ் புஷ் பக்கம் சாய்ந்தது. அவர் பெற்ற தேர்வாளர் 271, வேண்டியது 270, அம்மாநிலத்தின் பங்கு 5. ஃபிளாரிடாவைப் பற்றியே உலகம் பேசிற்று. இச்சிறு மலைமாநிலம் மாறாதிருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்பதைக் கருதியோர் சிலரே. மக்டவல் 2008 ஆம் ஆண்டிலும் ஒபாமாவுக்கே பெரும்பான்மை அளித்தது. 2016 ஆம் ஆண்டு முன்தேர்தலில் அம்மாநிலத்தின் 55 கவுண்டிகளும் இடதுசாரியான சாண்டர்சுக்கு வாக்களித்தன. அவ்வாண்டே பொதுத் தேர்தலில் மக்டவல் வாக்காளருள் நான்கில் மூன்று பங்கு அளவினர் டிரம்பைத் தேர்ந்தனர்.

அவ்வாண்டு பேசப்பட்ட இரண்டு பேச்சுகள் கருதத்தக்கன. ஹிலாரி கிளின்டன் நிலக்கரிப் பகுதிகளுக்குப் புதிய தொழில் கொணரும் திட்டம் ஒன்றை விளக்கினார். அதனிடையே சுரங்கத் தொழிலாளர் பலர் வேலை இழப்பர் என்னும் பொருள்பட ஒரு தொடரைக் கூறினார். முன்னும் பின்னும் அவர் கூறிய ஆறுதல் மறைந்து, அத்தொடர் மட்டும் ஊர்தோறும் பரவிற்று. பின்னர்ச் செப்டம்பரில் எதிரியின் ஆதரவாளருள் பாதியளவினரைக் கடிந்து அவர் கூறிய சொல்லை, அவ்வாதரவாளர் தம் சட்டையில் அச்சிட்டு அணிந்தனர். 1840 ஆம் ஆண்டின் மரக்குடில் ஈண்டு நினைவுக்கு வரும். டிரம்ப்போ மேற்கு வர்ஜீனியாவின் தலைநகரில் சுரங்கத் தலைக்கவசத்தை அணிந்து நின்று, வேலைகள் திரும்பும் என்றார். அவர்தம் முதல் ஆட்சிக்காலம் முடிந்தபோது நிலக்கரித் தொழிலாளர் தொகை தொடக்கத்தினும் குறைந்தே இருந்தது. எனினும் 2020, 2024 ஆகிய தேர்தல்களிலும் மேற்கு வர்ஜீனியா அவர்க்கே பெரும் வாக்களித்தது. பொருள் கிடைக்காத போதும் மதிப்புக் கிடைத்தது என்னும் எண்ணம் வாக்கைக் காத்தது.

அணுகும் நெறிகள்

இனி, அணுகும் நெறிகளைத் தொகுத்து நோக்குவோம். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் காதரின் கிராமர் பல ஆண்டுகள் அம்மாநிலச் சிற்றூர்களின் உணவுக் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் கூடிப் பேசுவோரிடையே அமர்ந்து கேட்டார். 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் நூல், அம்மக்களின் முறையீட்டை மூன்றாக வகுக்கிறது: முடிவெடுக்கும் அதிகாரம் நகரத்தாரிடம் உளது, பொதுப்பணம் நகரத்திற்கே செல்கிறது, நகரத்தார் எம்மை மதிப்பதில்லை. பணப்பங்கீட்டின் கணக்கு இரண்டாவது முறையீட்டை முழுதும் மெய்ப்பிப்பதன்று. ஆயினும் மூன்றாவது உண்மையாக உணரப்படுமிடத்து ஏனைய இரண்டும் நம்பப்படுகின்றன.

இதனோடு வரலாற்றை இயைத்து நோக்கின், வேட்பாளர் கையாண்ட நெறி நான்கு எனலாம். நேரிற் சென்று முகங்காட்டுதல் ஒன்று. ட்ரூமனும் கென்னடியும் செய்தது. வாழ்வுக்கு வேண்டும் பொருளை வழங்குதல் இரண்டு. மின்கம்பியும் உணவுச் சீட்டும் அத்தகையன. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் சீனத்துடன் நிகழ்ந்த வணிகப் பூசலால் உழவர்க்கு இழப்பு நேர்ந்தபோது, முறையே 1,200 கோடி டாலர், 1,600 கோடி டாலர் எனத் துணைத்தொகை அறிவிக்கப்பட்டதும் இதன்பாற்படும். மதிப்பைச் சொல்லாலும் குறியாலும் உணர்த்துதல் மூன்று. மரக்குடிலும் தலைக்கவசமும் இவ்வகையின. பகைவர் இவர் எனச் சுட்டுதல் நான்கு. பிந்திய வாட்சனும் வாலசும் செய்தது.

இந்நான்கனுள் முதல் இரண்டும் உழைப்பும் பொருளும் வேண்டுவன. பின் இரண்டும் சொல்லால் மட்டுமே இயல்வன. சிற்றூர்ச் செய்தித்தாள்கள் பல மறைந்து, 1988 முதல் நாடெங்கும் ஒலித்த அரசியல் வானொலிப் பேச்சும் 1996 முதல் எழுந்த கட்சிச் சார்புத் தொலைக்காட்சியும் அவ்விடத்தை நிரப்பின. அதனால் பின் இரண்டும் எளிதாயின; முன் இரண்டும் அருகின. ஆயினும் அவை செயலற்றுப்போகவில்லை. டிரம்ப்புக்குப் பெரும் வாக்களித்த கென்டக்கி மாநிலத்தில் சனநாயகக் கட்சியின் பெஷியர் 2019 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,000 வாக்கு மிகுதியால் ஆளுநரானார். 2022 ஆம் ஆண்டில் கிழக்கு மலைப்பகுதியில் வெள்ளம் அழிவு செய்தபோது அவர் பலமுறை அங்குச் சென்றார். 2023 ஆம் ஆண்டில் முன்னினும் மிகுந்த வாக்கு வேறுபாட்டில் மீண்டும் வென்றார். அயோவாவின் ஹோவர்டு கவுண்டி 2012 ஆம் ஆண்டில் ஒபாமாவுக்கும் 2016 ஆம் ஆண்டில் டிரம்ப்புக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு 20 வாக்கு வேறுபாட்டில் வெற்றி தந்தது. நான்கு ஆண்டுகளில் மக்களின் இயல்பு மாறாது. அவரிடம் வந்து சேர்ந்த சொல்லும் அதனைக் கேட்ட நிலையுமே மாறியிருத்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவாற்றான், நாட்டுப்புற வெள்ளையர் வாக்கின் எடை அரசியலமைப்பாலும் தேர்தல் முறையாலும் வந்தது. அதன் சாய்வு, யார் சென்றனர், எதைக் கொண்டு சென்றனர் என்னும் வரலாற்றால் வந்தது என்பது போதரும். அவர் மாறாதவர் எனக் கருதி ஒரு கட்சி அவ்வூர்களுக்குச் செல்லாது விடுமாயின், அவர் மாறாதவராகவே தோன்றுவர், செல்லாமையே சான்றாகிவிடும். எம்மவர் எனக் கருதி மற்றொரு கட்சி குறியும் பகையும் மட்டும் தந்து பொருள் தாராது விடுமாயின், ஊர் தேய்வதும் நிற்காது. இரண்டாலும் இழப்பவர் மக்டவல் போன்ற ஊரில் எஞ்சி வாழ்வோரே. அவருள் கறுப்பினத்தாரும் உளர் என்பதை மீண்டும் நினைவூட்டுகின்றோம்.

ஆராய்ச்சி மாணவர்க்கு இதனால் விளையும் பயன் ஒன்று உண்டு. ஒரு நிலத்து மக்கள் செய்த செயலுக்கு அவர்தம் இயல்பே காரணம் எனக் கூறும் விளக்கத்தை எங்குக் காணினும், அது முடிந்த விடையாகாது எனக் கொள்க. அவர்க்கு யார் என்ன கூறினர், அப்போது அவர் வீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பன வினவப்பட்ட பின்னரே அவ்விளக்கம் ஆராய்ச்சி எனத் தகும். டெக்ஸ்டர் திடலில் திரண்டோர் ட்ரூமனின் பேச்சைச் செவிமடுத்தமைக்குக் காரணம், அவர் பேசியது அவர்களுடைய சோளத்தைப் பற்றி என்பதே.